மணமில்லாத ஷாம்பூ

போன கிழமை பக்கத்து வளவுச் செல்வி தன் நாயை ஒரு கையிலும் இரண்டு ஷாம்பூப் போத்தல்களை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள். ஒரு போத்தல் றோஸ் நிறம், மற்றது பச்சை. கிளிநொச்சி ரவுனில் புதிதாகத் திறந்த கடையில் நாய்க்கென்றே விற்கிறார்களாம்.

"சரசக்கா, இவன் ரொமி சரியா மணக்கிறான். கிட்டப் போகேலாமக் கிடக்கு. இதில எது நல்லதெண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே நாய்க்கு முழுக வாத்தே பென்சன் எடுத்த ஆள்."

பென்சன் ஒன்றும் இல்லை. வயது வந்துவிட்டது, வேலையை விட்டேன், அவ்வளவுதான். ஆனால் நாய்களுக்கு முழுக வார்த்தது உண்மை. கண்ணிவெடி மணந்து பிடிக்கிற நாய்களுக்கு. நான் இருக்கும்போதே வேலை குறைந்துகொண்டு வந்தது. காணிகள் அநேகமாகத் துப்பரவாகிவிட்டதால் இப்போது அந்த நாய்க்கூடங்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. செல்வி கேட்ட கேள்விக்கு இரண்டு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த றோஸ் போத்தலின் மூடியைத் திறந்து மணந்தபோது எனக்கு வேறொரு நாளின் மணம் வந்தது. அதைத்தான் எழுத நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு முரசுமோட்டையில். சண்டை முடிந்து திரும்பி வந்து குடியேறிய காலத்தில் வயலில் பாதிக்கு மேல் சிவப்புப் பலகை நட்டுக் கயிறு கட்டியிருந்தது. கணவர் வரம்பில் நின்று பார்ப்பார், இறங்க முடியாது. அந்த நேரம் கண்டாவளைப் பக்கம் முகாம் போட்டிருந்த கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தில் நாய்க்கூடம் கழுவ ஆள் கேட்டார்கள். நான் போனேன். கணவரின் தமக்கை அதைக் கேட்டுவிட்டு, "எங்கட வீட்டில ஆருக்கும் நாய் குளிப்பாட்டிற வேலை கிடைக்கேல்ல, இவளுக்குத்தான் அந்தப் பாக்கியம்" என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டு, "மச்சாள், வைரவரின்ர வாகனத்துக்கெல்லோ முழுக வாக்கப் போறன்" என்றேன். சும்மா வாய்க்குச் சொன்னது. ஆனால் முதல் நாள் விடியக்காலை, பனிப்புகார் மூடிய வெளியில் எட்டு நாய்கள் வரிசையாக நின்று என்னைப் பார்த்தபோது, அந்தச் சொல் மெய்தான் என்று மனம் சொன்னது. முகாம் எல்லையில் ஒரு பாலை மரத்தடியில் யாரோ முன்னர் நட்ட வைரவர் சூலமும் இருந்தது. அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்கினேன்.

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. சொல்ல வேண்டியது அன்ரன் சேரைப் பற்றி.

நாய்ப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். மன்னார்ப் பக்கம், வேதக்காரர், ஒல்லியான ஆள். சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. பவுடர் போட மாட்டார். சவரம் செய்தபின் ஒன்றும் பூச மாட்டார். கருவாட்டுக் கறி சாப்பிட்டால் காற்று நாய்க்கூடத்துப் பக்கம் போகாத இடமாகப் பார்த்து இருந்து சாப்பிடுவார். ஒருவர் பக்கத்தில் வந்தால் முதலில் கண்ணை மூடி மெல்ல மூச்சை இழுப்பார். அதன் பிறகுதான் வணக்கம் சொல்லுவார். புதிதாக வந்த பெட்டைகள் அதற்குப் பயந்து தலைக்கு எண்ணெய் வைக்காமல் வருவார்கள்.

முதல் நாளே என்னிடம் கேட்டார். "அக்கா, நாய் மணக்குது எண்டா என்ன செய்வியள்?"

"குளிப்பாட்டுவன் சேர்."

"இல்லை. எங்கயிருந்து மணக்குது எண்டு பாப்பியள். பாத்துப்போட்டுத்தான் தண்ணி."

காதை மடித்துப் புளித்த மா மணம் வருகிறதா, வாயைத் திறந்து பல்லிலா, விரல் இடுக்கிலா, வாலடியில் மீன் வாடையா என்று ஒவ்வொன்றாக மணந்து பழக்கினார். காதில் புண் இருக்கும்போது உடம்பைக் கழுவினால் மணம் மூன்று நாளில் திரும்பி வரும், தண்ணீர் காதுக்குள் போய்ப் புண்ணும் கூடும். வருத்தத்தின், நோயின் மணத்துக்கு மருந்து வேண்டும், ஊத்தையின் மணத்துக்குத்தான் முழுக்கு. இதை அவர் சொன்ன நாளிலிருந்து மனிதரிலும் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

பிறகு முழுக்கு. தண்ணீர் முழங்கைக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். காதுக்குள் பஞ்சு. தலையில் ஊற்றக்கூடாது. பின்னங்காலில் தொடங்கி முதுகுக்கு, முதுகிலிருந்து கழுத்துக்கு வர வேண்டும். தலையில் தொடங்கினால் நாய் பயந்து உதறும். ஷாம்பூவை அப்படியே ஊற்றாமல் ஒரு சாடியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, மயிரின் அடிவரை விரலால் தேய்க்க வேண்டும். முகத்துக்கு ஈரத் துணி மட்டும். தேய்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். கையை மயிரில் வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதுதான் கணக்கு. கடைசியில் துவாயால் ஒற்றி ஒற்றி, விரல் இடுக்குவரை காய விட வேண்டும். ஈரம் நின்றால் அங்கேயிருந்துதான் அடுத்த மணம் பிறக்கும்.

எந்த ஷாம்பூ என்பதில் அவர் கண்டிப்பு. எங்கள் தலைக்குப் போடுவது நாயின் தோலுக்குக் காரம், தோல் வறண்டு சொறியும். உடுப்புச் சவர்க்காரம், கிருமிநாசினி, மண்ணெண்ணெய் எல்லாம் கிட்டவும் வரக்கூடாது. தோல் வருத்தத்துக்கு மருந்து ஷாம்பூ, அதை நுரையோடு பத்து நிமிடம் விட்டுப் பிறகு அலச வேண்டும். மற்ற நாட்களுக்கு ஒரு வெள்ளைப் போத்தல். அதில் நிறமில்லை, மணமில்லை. நான் முதல் முறை மூடியைத் திறந்து மணந்துவிட்டு, "சேர், இது பழசாப் போச்சுது போல, ஒண்டும் மணக்கேல்ல" என்றேன். அவர் சிரித்த மாதிரி ஒரு முகம் காட்டினார். "அதுக்குத்தான் அக்கா இவ்வளவு தூரத்திலயிருந்து எடுப்பிக்கிறம்."

அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். எங்களுக்கு நாய் மணக்கிறது. நாய்க்கு நாங்கள் மணக்கிறோம். மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் பல வருடமாகக் கிடக்கிற வெடிமருந்து ஒரு நூல் அளவு மணத்தைத்தான் மேலே விடும். அந்த நூலை அறுத்துப்போட எங்கள் வீட்டு ஊதுபத்தி ஒன்றே போதும்.

நான் தலையாட்டினேன். விளங்கியது என்றுதான் நினைத்தேன்.

பெல்லா என்ற நாய் வெளிநாட்டிலிருந்து வந்தவள். கபில நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் பாதி மடிந்திருக்கும். முழுக வார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலில் நாடியை வைப்பாள். வெயில் நுரையில் பட்டு நிறம் நிறமாகத் தெரியும். குழாய்க் கிணற்றடியில் அந்த ஒரு மணித்தியாலம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். தேவாரம் வாயில் தானாக வரும். அவளும் கேட்டுக்கொண்டு நிற்பதுபோல நிற்பாள்.

அவளை நடத்துகிற பிள்ளை யாழினி. உடையார்கட்டுப் பெட்டை, கையில் ஒரு சின்ன மகள். வேலை இதுதான்: நீளக் கயிற்றில் பெல்லா முன்னால் நேர்கோட்டில் மணந்துகொண்டு போவாள். மருந்து மணம் பட்டால் அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பாள். அவள் உட்காராமல் போன பாதை துப்பரவு என்று அர்த்தம். அந்தப் பாதையில் பிறகு யாழினி கால் வைப்பாள்.

ஒரு நாள் கூடத்து வாசலில் தேத்தண்ணி குடிக்கும்போது யாழினி சொன்னாள். "அம்மா, ஒரே கனவு வருது. நான் வெளியில நடக்கிறன். கயிறு கையில இருக்குது. முன்னால பெல்லா இல்லை."

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், நாய்களுக்கு முழுக்கு முடிந்தபின், பாலை மரத்தடி வைரவருக்குச் சாத்திய சந்தனத்தில் ஒரு பொட்டும், பச்சைக் கற்பூரம் கலந்த திருநீறும் எடுத்து வந்து பெல்லாவின் நெற்றியில் பூசினேன். "அந்தப் பிள்ளையைப் பாத்துக்கொள்ளடி" என்று காதில் சொன்னேன். மற்ற நாய்கள் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றுக்குப் பூசி மற்றதை விட மனம் வரவில்லை. எட்டுக்கும் பூசினேன்.

அடுத்த வெள்ளியும் பூசினேன். அதற்கடுத்த வெள்ளியும்.

வருடத்துக்கொரு தரம் நாய்களுக்குப் பரீட்சை வைக்க வெளியிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். அந்த வருடம் பரீட்சை ஒரு சனிக்கிழமை. முதல் நாள் மத்தியானம் பெல்லா கயிற்றை நழுவவிட்டுக் கடல்நீரேரிக் கரைக்கு ஓடி, செத்து ஊதிக் கிடந்த ஒரு பெரிய மீனின் மேல் புரண்டுவிட்டு வந்தாள். நான் சொல்ல மாட்டேன் அந்த மணத்தை. காகம்கூட விலகிப் போனது. அவளோ கலியாண வீட்டுக்குப் போய்வந்த மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

அன்ரன் சேர் அன்று வவுனியாவில். போனில் சொன்னார். "வெள்ளைப் போத்தல் மட்டும். ரெண்டு தரம் போடுங்கோ. போகாட்டி விடுங்கோ அக்கா. மீன் மணம் அவவுக்கு இடைஞ்சல் இல்லை. எங்களுக்குத்தான்."

இரண்டு தரம் போட்டேன். மூன்றாம் தரமும் போட்டேன். கழுத்து மயிருக்குள் இன்னும் மணந்தது. நாளைக்கு வெளியாட்கள் வந்து நின்று மூக்கைப் பொத்துவார்களே, எங்கள் பிள்ளையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்களே என்று எனக்கு வெட்கமாகப் போனது. வீட்டுக்கு ஆள் வருகிற நேரம் பிள்ளை ஊத்தையோடு நின்றால் தாய்க்கு வருகிற வெட்கம்தான். என் கூடைக்குள் சீயாக்காயும் தேசிக்காயும் இருந்தன, வெள்ளிக்கிழமை அல்லவா. கரைத்துத் தேய்த்தேன். பிறகு கழுத்தில் சந்தனத்தைக் குழைத்துத் தடவினேன். வழமைபோல நெற்றியில் திருநீறு. மீன் மணம் போய்க் கோயில் மணம் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். பரீட்சை நிலத்தில் எங்கெங்கே மருந்து புதைத்திருக்கிறது என்பது வந்த அதிகாரிகளுக்கு மட்டும் தெரியும். பெல்லா போனாள், வந்தாள். ஓரிடத்தில் உட்கார்ந்தாள். யாழினி முகம் மலர்ந்தது. பிறகு அடுத்த பாதை, அடுத்த பாதை. இடையில் இரண்டு மூன்று தரம் முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தாள். நான் அதைக் கண்டேன். கண்டும் தூசியாக்கும் என்று நினைத்தேன்.

முடிந்ததும் ஓர் அதிகாரி நிலத்துக்குள் நடந்துபோய் ஒரு வெள்ளைக் கல்லை ஓரிடத்தில் வைத்தார். பெல்லா உட்காராமல் கடந்துபோன இடம். அந்தக் கல்லுக்குக் கீழே, ஈர மண்ணில், யாழினியின் சப்பாத்துத் தடம் அச்சாகக் கிடந்தது.

அது பரீட்சை நிலம். புதைத்திருந்தது வெடிக்காதது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தடத்தைப் பார்த்தபோது யாழினி சொன்ன கனவு நினைவு வந்தது.

வவுனியாவிலிருந்து விடியவே வந்திருந்த அன்ரன் சேர் பெல்லாவுக்குப் பக்கத்தில் குந்தினார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார்.

"சந்தனம்" என்றார். இன்னும் ஒருதரம் இழுத்துவிட்டு, "கற்பூரம்" என்றார்.

யாழினியிடம் நாயை நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தார்.

"நேற்றைக்கு மட்டுமா அக்கா?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஓம் என்றால் அன்றைய நாளோடு முடிந்துவிடும். மீன் மணம் போகவில்லை, அதனால் செய்துவிட்டேன் என்று அழலாம். மற்ற வெள்ளிக்கிழமைகள் எனக்கும் வைரவருக்கும் மட்டும்தான் தெரியும். வேலையும் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கும் பிறகு ஒரு சனி வந்திருக்கிறது. அந்தச் சனிகளில் நாய்கள் பரீட்சை நிலத்தில் நடக்கவில்லை.

"இல்லை சேர். இதோட ஆறு வெள்ளி."

"பெல்லாவுக்கோ?"

"எல்லாத்துக்கும். ஒண்டுக்குப் பூசிப்போட்டு மற்றதை விட ஏலாமப் போச்சுது."

பாலை மரத்தில் ஒரு புலுனிக் குருவிக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"ஒரு நாய் பாத்த பாதையை ஏன் அக்கா இன்னொரு நாயும் பாக்குது?"

"ஒண்டு விட்டா மற்றது பிடிக்கும் எண்டுதான் சேர்."

"ரெண்டையும் நீங்கள்தானே குளிப்பாட்டினது."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானமே வரைபடத்தை விரித்து, முன்னைய ஐந்து சனிக்கிழமைகளில் நாய்கள் பார்த்த பாதைகளைச் சிவப்புப் பென்சிலால் கீறினார். எல்லாம் வயற்கரைக் காணிகள். சொந்தக்காரர்கள் விதைப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையையும் ஆட்கள் முழங்காலில் நின்று, கையில் கருவியோடு, சாண் சாணாகத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. நாய்களுக்கு வேலை இல்லை. நாய் நடத்துகிறவர்களும் கருவி பிடிக்கப் போனார்கள். யாழினியும் போனாள்.

போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். நான் அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல் வாளியைக் கழுவினேன். அவள் நின்று, "எனக்காகத்தானே அம்மா பூசினீங்கள்" என்றாள். அதுதான் என்னை இன்னும் உருக்கியது.

நாலு நாட்கள். நான் வேலைக்குப் போனேன், நாய்களை வெள்ளைப் போத்தலால் மட்டும் அலசி அலசிக் காய வைத்தேன். வைரவருக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டதால் வந்ததுதானே எல்லாம். வெறுங்கையோடு நின்றுவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் முற்பகல் ஊதல் சத்தம் கேட்டது. எல்லோரும் நிற்கவேண்டும் என்ற ஊதல். மூன்றாவது சனியின் பாதையில், வரம்படியில் ஒன்று இருந்தது. கண்டுபிடித்தது யாழினி. ரின்பால் வருகிற தகரப் பேணியின் மூடி அளவு. அவள் கருவியை மெல்ல வைத்துவிட்டு வந்த வழியே பின்னால் வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, நிலத்தில் உட்கார்ந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னேரம் அதை அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். கூடத்தில் நாய்கள் ஒரேயடியாகக் குரைத்து ஓய்ந்தன.

அதை நாய்கள் தவறவிட்டது என் திருநீற்றாலா, காற்றாலா, காய்ந்த மண்ணாலா என்று ஒருவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று போகிற நேரம் அன்ரன் சேர் கூடத்துக்கு வந்தார். என்னைப் போகச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துப் பையைக் கையில் எடுத்தேன். அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "ஒண்டும் மணக்கேல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு மூண்டு நாய்க்கு முழுக்கு இருக்குது. வெந்நீரை நேரத்தோட வையுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் விட்டுப் பெல்லாவுக்குத் திரும்பப் பரீட்சை வைத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. யாழினி ஓடி வந்து சொன்னாள்: "மருந்து வைச்ச இடம் எல்லாத்திலயும் குந்தி இருந்தவள் அம்மா." அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த அத்தனை வருடமும் திருநீற்றை வீட்டிலேயே பூசி, முகாம் வாசலில் நெற்றியைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன். வைரவர் அதற்குக் கோபிக்கவில்லை. நாய்களை வைத்திருக்கிறவருக்கு மூக்கின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, செல்வியின் கேள்வி. ரொமியின் காதை மடித்துப் பார்த்தேன். புளித்த மா மணம்.

"இவனுக்கு ஷாம்பூ வேண்டாமடி. காதில வருத்தம். மிருக வைத்தியரிட்டக் காட்டு. சுகமான பிறகு பச்சைப் போத்தலால வார், மணம் குறைவு. றோஸை நீயே வைச்சிரு."

"மணமில்லாததுக்கு என்னத்துக்கு அக்கா ஷாம்பூ?" என்று அவள் சிரித்தாள். பிறகு விறாந்தையில் படுத்திருந்த பெல்லாவைக் காட்டினாள். பெல்லாவுக்கு வயது போய்விட்டது. நான் வேலையை விட்ட அதே மாதம் அவளையும் ஓய்வில் விட்டார்கள், யாழினி கொண்டுவந்து எங்கள் வீட்டில் தந்துவிட்டுப் போனாள். "இவளுக்கு இப்ப வேலை இல்லைத்தானே. இண்டைக்கு வெள்ளி. ஒரு சந்தனப் பொட்டு வைச்சா என்ன?"

அரைத்த சந்தனம் வைரவருக்கென்று கிண்ணத்தில் இருந்தது. நானும் ஒரு கணம் நினைத்தேன். அந்த நேரம் பெல்லா நித்திரையில் கால்களை மெல்ல அசைத்தாள், நேர்கோட்டில் நடக்கிற மாதிரி. மூக்கு நுனி துடித்தது. பாதி மடிந்த காது நிமிர்ந்தது. எந்த வெளியிலோ, எந்த வரம்பிலோ அவள் இன்னும் மணந்துகொண்டு போகிறாள். கயிற்றின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் யாழினி வந்துகொண்டிருப்பாள்.

நான் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு, காற்று விறாந்தைப் பக்கம் வீசாத திசையாகப் பார்த்து, வளவைச் சுற்றி வைரவரிடம் போனேன்.